வேண்டாம் வாங்கப் போனவளுக்கு

வீட்டில் அண்ணி, வெளியில் 'டி' என்று என்னிடம் இரண்டு உறவாக வாழ்ந்துவிட்டுப் போன மேகலாவுக்கு,

அம்மா பக்கத்தில் இல்லை. அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன். உன் கல்யாணத்தன்று சாயங்காலமே அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது நினைவிருக்கிறதா? "காலேஜ்ல இன்னா வேணா கூப்ட்டிருக்கலாம். இப்ப அவ உங்க அண்ணன் பொண்டாட்டி. வாங்க போங்கன்னுதான் பேசணும்." நான்கு வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே டப்பாவில் புளிச்சோறு தின்றவளை எப்படி 'வாங்க' என்பது? நீதான் வழி சொன்னாய். "வூட்ல அண்ணி, ஷெட்ல டி." அந்த ஒப்பந்தத்தை நாம் இருவரும் கடைசிவரை மீறவில்லை.

போன மாதம் நம் காலேஜிலிருந்து போன் வந்தது. ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமாம். 'பல்கலைக்கழகக் கல்வியின் வழியே தொழில்முனைவுத் திறன்களை வளர்த்தல்' என்று தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள். கூடவே, கடைசி வருடப் பிள்ளைகளுக்கு அந்தப் பாடத்தை ஒரு பருவம் நான் வந்து எடுக்க முடியுமா என்றும் கேட்டார்கள். "பாக்கலாம் மேடம்" என்றேன். சொல்லி முடித்த உடனே நீ எங்கிருந்தோ உதட்டைப் பிதுக்குவது போல இருந்தது.

அந்தத் தலைப்பில் எழுதிப் பார்த்தேன். இரண்டாவது பத்தியிலேயே யாரோ மேடையில் பேசுவது மாதிரி ஆகிவிட்டது. சரி, நமக்குள் பேசிக்கொள்வோம், படிக்கிற பிள்ளைகள் ஒட்டுக் கேட்கட்டும் என்று உனக்கே எழுதிவிட்டேன். உன்னிடம் சொல்ல வேண்டிய சேதியும் இருக்கிறது. அடுத்த வாரம் உனக்கு வருஷத் திதி. நாம் இருவரும் தொடங்கிய தொழிலின் ஷெட் வாடகை ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது, கியர் கம்பெனி ஆர்டரும் முடிகிறது. நம் ஷெட் நிற்குமா, பூட்டிவிடுவேனா என்று கேட்கிற உரிமை எல்லோரையும் விட உனக்குத்தான் அதிகம்.

அந்தப் பாடத்தை நமக்கு எடுத்த அமலா மேடத்தின் முதல் வகுப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். நான்கு வருடமாகச் சூத்திரம் படித்துக் களைத்துப்போன நம் முன்னால் வந்து நின்று, "இந்த பேப்பருக்கு நீங்க எதையும் விக்க வேண்டாம். போய் 'வேண்டாம்' வாங்கிட்டு வாங்க" என்றார். யாரிடமாவது போய் ஒரு பொருளையோ வேலையையோ எடுத்துச் சொல்ல வேண்டும். அவர்கள் வேண்டாம் என்று சொன்னால், ஏன் வேண்டாம் என்று கேட்டு, அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதி வர வேண்டும். ஒவ்வொரு 'வேண்டாமு'க்கும் மதிப்பெண் உண்டு. வகுப்பே சிரித்தது. நீதான் கையைத் தூக்கிக் கேட்டாய்.

"மேடம், பாக்கலாம்னு சொன்னா?"

"பூஜ்யம்," என்றார் அவர். "பாக்கலாம்னு சொன்னவங்க இன்னும் உன்னைப் பாக்கவே இல்லன்னு அர்த்தம்."

அப்போது எனக்கு அது விளையாட்டாகத்தான் பட்டது. இரண்டு நாள் அலைந்த பிறகுதான் மேடத்தின் குறும்பு புரிந்தது. நம் ஊரில் யார் வாயிலிருந்தும் வேண்டாம் என்ற சொல் லேசில் வராது. புடவை மூட்டையோடு வருகிறவரிடம், சீட்டுக்கு ஆள் சேர்க்கிறவரிடம், ஜாதகம் கொண்டுவந்த தரகரிடம், எல்லோரிடமும் பாக்கலாம்தான். காபி கொடுத்து, வாசல்வரை வந்து, சிரித்த முகமாகப் பாக்கலாம் என்று சொல்லி அனுப்புவோம். வேண்டாம் என்று சொல்வது மரியாதைக் குறைவு. ஏன் வேண்டாம் என்று கேட்பது அதைவிடக் குறைவு. அந்த ஏனைக் கேட்க நம்மைப் பழக்கத்தான் அமலா மேடம் மதிப்பெண் போட்டார்.

நாம் விற்கப் போனது பனியன் வேஸ்ட். மெஷின் துடைக்கிற துணி. திருப்பூரில் இருந்த உன் மாமா மலிவாக அனுப்புகிறேன் என்று சொல்லியிருந்தார். துவைத்த சுடிதார், கழுத்தில் காலேஜ் அட்டை, கையில் ஒரு பைல். ஒரகடத்தில் கியர் கம்பெனியின் அந்தப் பெரிய கேட்டுக்கு முன்னால் போய் நின்றோம். கேட்டிலிருந்த செக்யூரிட்டி நம்மை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"காலேஜா? ரைட் சைடுல லைன்ல நில்லு. ரெஸ்யூம் வெச்சிக்கினியா?"

"இல்லண்ணா, நாங்க பர்ச்சேஸ்ல..."

"எல்லாம் உள்ள போய்ச் சொல்லிக்கோ. போ, போ."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இந்தச் சாலையில் பைலோடு இரண்டு பெண்கள் கேட்டுக்கு வந்தால் வேலை கேட்டுத்தான் வருவார்கள். வேறு எதற்கு வருவார்கள் என்று அவருக்கு எப்படித் தோன்றும்? உள்ளே உட்கார வைத்தார்கள், பேனா கொடுத்தார்கள், தேர்வுத்தாள் கொடுத்தார்கள். "எழுதித்தான் பாப்போமே" என்று நீ எழுத ஆரம்பித்தாய். வேறு வழியில்லாமல் நானும் எழுதினேன். இரண்டு பேருமே தேறிவிட்டோம்.

தேறியவர்களுக்கு உற்பத்தி லைனைச் சுற்றிக் காட்டினார்கள். எல்லோரும் ரோபோவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீ மட்டும் மூலையில் உட்கார்ந்து நீல பிளாஸ்டிக் ட்ரேக்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் போய் நின்றாய். பாகங்களைச் சுமந்து வந்த ட்ரேக்கள், எண்ணெயும் தூசியும் அப்பிக் கிடந்தன. அவர் கையில் இருந்தது பனியன் வேஸ்ட்.

"அக்கா, இந்த மாதிரி துணி நாங்க குடுத்தா வாங்குவீங்களா?"

"துணி வாணாம்மா. துடைச்சா இது எங்க போவுது? யாராச்சும் இத்த எடுத்துனு போய் கழுவிக் குடுத்தா புண்ணியமா போவும்."

அதுதான் நமக்குக் கிடைத்த முதல் முழு மதிப்பெண். வேண்டாமும் இருந்தது, ஏன் என்பதும் இருந்தது. சொன்னது தனம் அக்கா. அன்றைக்கு அவருக்குத் தெரியாது, பின்னால் நம்மிடமே வேலைக்கு வருவோம் என்று.

திரும்பி வந்தபோது மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர், நாளைக்கே சேர்ந்துகொள்ளலாம் என்று நம் இருவருக்கும் கை கொடுத்தார். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது, மேகலா. பஸ் வரும், கேன்டீன் உண்டு, அம்மா தெருவெல்லாம் சொல்வாள். நீ "வேண்டாம் சார்" என்றாய். ஏன் என்று அவர் கேட்டார். "நாங்க துணி விக்க வந்தோம் சார். லைன் மாறி உக்காந்துட்டோம்." அந்த அறையே சிரித்தது. நீ மட்டும் சிரிக்கவில்லை. கேட்டை விட்டு வெளியே வருவதற்குள் ட்ரே கழுவுகிற யோசனையைச் சொல்லி முடித்துவிட்டாய்.

கிடைத்த வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்த கதை உன் வீட்டுக்குத் தெரிந்தபோது உங்கள் ஊர் பென்னலூரே அதிர்ந்தது. உன் அப்பா ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை. ஆனாலும் நீ ஷெட் பார்த்தாய், பிரஷர் பம்ப் வாங்கினாய், கழுவிய தண்ணீரில் எண்ணெயைப் பிரிக்கத் தனித் தொட்டி கட்டாமல் ஒரு ட்ரேகூட உள்ளே வராது என்று அடம் பிடித்தாய். "இங்க உட்டா செம்பரம்பாக்கம் ஏரில நிக்கும். அத்ததான் மெட்ராஸ் குடிக்குது," என்றாய். ஒன்று சொல்லட்டுமா? அந்தப் பாடத்தின் எழுத்துத் தேர்வில் 'தொழில்முனைவோருக்கு இருக்க வேண்டிய பண்புகள்' என்ற கேள்விக்கு நான் பக்கம் பக்கமாக எழுதி முதலாவதாக வந்தேன். நீ தட்டுத் தடுமாறிப் பாஸ் ஆனாய்.

என் அண்ணன் பிரபுவின் கதையை மலரில் எழுதலாமா என்று அவனிடமே கேட்டேன். எழுது என்றான். தன் கம்பெனியில் ஷிப்ட் இல்லாத நாளில் குட்டி யானை வண்டியில் நமக்கு ட்ரே ஏற்றி வந்தவன், ஒருநாள் உன்னிடம் தன் மனதைச் சொன்னான். பாக்கலாம் என்ற சொல்லைக் கண்டாலே ஆகாத நீ, அன்றைக்கு அவனிடம் என்ன சொன்னாய்? முகம் தொங்கிப்போய் என்னிடம் வந்தான். "இன்னாடி, உன் பிரெண்டு பாக்கலாம்ங்கிறா?" "அப்ப உனக்கு பூஜ்யம்தான்" என்றேன். மறுநாள் ஷெட்டு வாசலில் அவனை நிறுத்தி, "சரி. ஆனா யூனிட்ட உட மாட்டேன்" என்றாய். அவன் அதற்கும் சரி என்றான். மழையில் ஆர்டர் படுத்த மாதங்களில் அவன் சம்பளத்தில்தான் நம் வாடகை போனது. அதனால் சொந்தத் தொழில்தான் உசத்தி, கம்பெனி வேலை மட்டம் என்று யாராவது மேடையில் பேசினால் எனக்குக் கோபம் வருகிறது.

உன் கடைசி வாரத்தைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். சாதாரணக் காய்ச்சல் என்றுதான் சேர்த்தோம். டாக்டர் நல்லவர், அவராலும் "பார்க்கலாம்மா" என்றுதான் சொல்ல முடிந்தது. நான் உள்ளே வந்ததும் நீ கேட்டாய். "இன்னாடி சொல்றாரு?" "சரியாயிடுமாம்" என்றேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு கண்ணை மூடிக்கொண்டாய். எனக்கு அன்றைக்கு நீ எவ்வளவு மதிப்பெண் போட்டாய் என்று இன்றுவரை தெரியவில்லை.

நீ போன பிறகு, இந்த ஒரு வருடமாக நம்மைச் சுற்றி வேறு சொல்லே இல்லை. ஆர்டரைப் புதுப்பிப்பார்களா என்று கேட்டால், பர்ச்சேஸில் இருக்கிற ராகவன் சார், "பார்க்கலாம்மா, முதல்ல நீங்க தேறி வாங்க" என்றார். ஷெட்டை மூடிவிட்டு நானும் ஒரு கம்பெனியில் சேர்ந்தால் நல்லது என்று பிரபு அண்ணன் மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். "பி.எப். கீது, பஸ்ஸு கீது. இன்னாத்துக்கு உனக்கு இந்தத் தலவலி?" அவனால் ஷெட்டுக்குள் கால் வைக்க முடியவில்லை. அதுதான் விஷயம் என்று எனக்கும் தெரியும். நான் அவனுக்குச் சொன்னதும் பாக்கலாம்தான்.

உன் பெண் யாழினி பேச்சில் உன்னைத் தாண்டிவிட்டாள். தினமும் சாயங்காலம் ஒரே கேள்வி. "அம்மா எப்ப வரும்?" அண்ணன் அவளைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் போய்விடுவான். "பாக்கலாம்டா கண்ணு." அம்மாவும் அதையே சொன்னாள். நானும் அதையே சொன்னேன்.

கடைசியில் தனம் அக்காதான் பொறுமை இழந்தார். போன வாரம் வேலை முடிந்து கை கழுவிக்கொண்டே கேட்டார். "இன்னாமா, ஷெட்டு ஓடுமா ஓடாதா? எதுவா இருந்தாலும் நேரா சொல்டு. ஓடாதுன்னா நாங்க வேற எடம் பாத்துக்குவோம். நீ பாட்டுக்கு பாக்கலாம் பாக்கலாம்ங்கிற. அந்தப் பொண்ணு இருந்தா இப்டி சொல்லுமா?"

எனக்குச் சுருக்கென்றது. அழுகையும் வந்தது. மறுநாள் காலையிலேயே கியர் கம்பெனிக்குப் போனேன். இப்போது அந்தக் கேட்டில் என்னை யாரும் வேலை கேட்கும் வரிசைக்கு அனுப்புவதில்லை.

"பார்க்கலாம்மா," என்று ராகவன் சார் ஆரம்பித்தார். "மேனேஜ்மென்ட்ல பேசிட்டு..."

"சார், வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிடுங்க. நான் கோச்சிக்க மாட்டேன். ஆனா ஏன்னு மட்டும் சொல்லுங்க."

அவர் என்னை உட்காரச் சொன்னார்.

"வேண்டாம்தாம்மா," என்றார். "ட்ரேல ஒரு குறையும் இல்ல. முன்னாடி மேகலா மாசா மாசம் வருவாங்க. 'ட்ரே மேல லேபிள் ஒட்டாதீங்க சார், சுரண்டவே ஒரு ஆள் வேண்டியிருக்கு'ன்னு சண்டை போடுவாங்க. இந்த ஒரு வருஷமா உங்க பக்கத்துல இருந்து ஒரு சத்தமும் இல்ல. நீங்க நடத்துவீங்களா, மூடிடுவீங்களான்னு எங்களுக்குத் தெரியல. துக்க வீட்டுல போய் அதை எப்படிக் கேக்குறது? அதான் வேற ஒருத்தரையும் பேசி வெச்சுட்டோம்."

அவர் எனக்காகப் பரிதாபப்பட்டுத் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். நான் அவர் சொல்லட்டும் என்று தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். இருவருமே மரியாதையாகத்தான் நடந்துகொண்டோம், மேகலா. அந்த மரியாதையில் நம் ஷெட் மூழ்கப் பார்த்தது.

"நடத்துவேன் சார்," என்றேன்.

"நீங்க இருப்பீங்களா? ரெண்டு மாசத்துல வேலை கெடைச்சுப் போயிட்டேன்னு சொல்ல மாட்டீங்களே?"

"இருப்பேன் சார்."

சொன்ன பிறகுதான் எனக்கே அது உறுதியானது. பாதி ஆர்டர் அந்த வேறு ஆளுக்குப் போய்விட்டது, அதைத் திரும்பக் கேட்க முடியாது என்றார். மீதிப் பாதி நமக்கு. எழுந்து வரும்போது வாசலில் நின்று, "சார், லேபிள் இன்னும் ட்ரே மேலதான் ஒட்டுறாங்க" என்றேன். அவர் சிரித்துவிட்டார். உன் சண்டையில் ஒன்றை நான் போட்டுவிட்டு வந்தேன்.

தனம் அக்காவிடமும் மற்றவர்களிடமும் உள்ளதை உள்ளபடி சொன்னேன். ஷெட் ஓடும், ஆனால் பாதி வேலைதான், வேறு கம்பெனி பிடிக்கிற வரைக்கும் எல்லோருக்கும் முழு வாரம் வேலை தர முடியாது. தெற்கத்திப் பக்கத்திலிருந்து வந்திருந்த முத்துலட்சுமி, "சரிக்கா, நான் ஹாஸ்டல் மெஸ்ஸுல சேந்துக்கிடுதேன். ஆர்டர் கூடுனா கூப்பிடுங்க" என்று போய்விட்டாள். வருத்தம்தான். ஆனால் ஒருவரும் என் மேல் கோபப்படவில்லை. தனம் அக்கா அன்றைக்கு வழக்கத்தைவிட அதிகமாகவே திட்டிக்கொண்டு வேலை செய்தார்.

இப்போது காலேஜ் கேட்ட கேள்விக்கு வருகிறேன். தொழில் செய்கிற திறமையைப் பல்கலைக்கழகம் சொல்லித் தருமா? பண்புகளின் பட்டியலை மனப்பாடம் செய்த எனக்கு அது ஒன்றும் தரவில்லை. ஆனால் அந்தக் கழுத்து அட்டை இல்லாவிட்டால் நாம் அந்தக் கேட்டுப் பக்கம் போயிருப்போமா? நம் வீட்டுப் பெண்கள் முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் போய் நின்று ஏன் என்று கேட்க, வேறு எந்தச் சாக்கு இருந்தது? நான்கு வருடமும் தவறான விடைக்கு மதிப்பெண்ணைக் குறைத்த இடம், ஒரே ஒரு பாடத்தில் மட்டும் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்ததற்கு மதிப்பெண் போட்டது. உன்னிடம் இருந்த தைரியம் பிறவியிலேயே வந்ததோ என்னவோ. என்னிடம் இருக்கிற கொஞ்சம், அந்த வகுப்பில் வந்தது.

அமலா மேடம் ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது அந்தப் பாடத்தில் பிள்ளைகள் ஏ.சி. அறையில் படம் போட்டுக் காட்டுகிறார்கள், நடுவர்கள் பரிசு கொடுக்கிறார்கள். எல்லோருடைய திட்டத்திலும் ஒரு ஆப் இருக்கிறது. யாரும் வெளியே போவதில்லை, யாரும் அவர்களிடம் வேண்டாம் என்று சொல்வதும் இல்லை. வகுப்பு எடுக்க வருகிறேன் என்று நேற்று போன் செய்து சொல்லிவிட்டேன். பிள்ளைகளைச் சாலைக்கு அனுப்ப விட்டால்தான் வருவேன் என்றும் சொன்னேன். "பார்க்கலாம்" என்றார்கள். ஏன் என்று கேட்டிருக்கிறேன். பதில் வரட்டும்.

கடைசிச் சேதியைச் சொல்லத்தான் இத்தனை நேரம் சுற்றி வந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் யாழினியை ஷெட்டுக்குக் கூட்டி வந்தேன். பிரபு அண்ணன் குட்டி யானையை ஓட்டி வந்தான். உள்ளே வரவில்லை, வாசலில் நின்று ட்ரேக்களை இறக்கிக் கொடுத்தான். நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாழினி காய்ந்த ட்ரேக்களை இழுத்து இழுத்து வரிசையாக வைத்தாள். கம்பெனி பஸ்ஸாம். முன்னால் டிரைவர் சீட்டு அப்பாவுக்கு. அடுத்தது பாட்டிக்கு, அப்புறம் அத்தைக்கு. ஜன்னலோரம் அவளுக்கு. அவளுக்குப் பக்கத்தில் ஒரு ட்ரேயைக் காலியாக விட்டாள்.

"இது அம்மா சீட்டு," என்றாள். "அம்மா எப்ப வரும்?"

வாசலில் அண்ணன் கையிலிருந்த ட்ரே அப்படியே நின்றது. எனக்கு வாயில் பாக்கலாம் வந்துவிட்டது. விழுங்கினேன்.

"வராது கண்ணு."

"நாளைக்கு?"

"நாளைக்கும் வராது. அம்மா செத்துப் போச்சு."

"ஏன்?"

உன் பெண்ணல்லவா, விடுவாளா? தெரிந்ததைச் சொன்னேன். காய்ச்சல் வந்தது, டாக்டர் ரொம்பப் பாடுபட்டார், அம்மாவும் ரொம்பப் பாடுபட்டது, உடம்பு கேட்கவில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அன்றைக்கு நீ பார்த்த மாதிரியே. அழுவாள் என்று நினைத்தேன். உதடு துடித்தது, ஆனால் அழவில்லை.

"நீ வருவியா, ஸ்கூல்லேர்ந்து கூட்டினு போவ?"

"வருவேன்."

"தெனமும்?"

"தெனமும்."

காலியாக விட்ட ட்ரேயைத் தொட்டாள். "அப்ப அந்த சீட்டு காலியாவே இருக்கட்டும். நீ ஏறு. பஸ்ஸு போவணும்." பிறகு வாசல் பக்கம் திரும்பி, "அப்பா, டிரைவர் இல்லாம எப்டி போவும்?" என்றாள்.

அண்ணன் உள்ளே வந்தான், மேகலா. ஒரு வருடம் கழித்து. முதல் ட்ரேயில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் உட்கார்ந்தான், தோள் குலுங்கியது. நான் என் ட்ரேயில் உட்கார்ந்தேன். என் எடைக்கு அது முனகியது. யாழினி ஹாரன் அடித்தாள். பஸ் கிளம்பிவிட்டது.

வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பித்து ஷெட்டைத் திறந்து வைத்திருப்பேன். எண்ணெய்த் தொட்டியைத் தாண்டி ஒரு சொட்டும் ஏரிக்குப் போகாது. உன் பெண் என்னிடம் என்ன கேட்டாலும், அது எவ்வளவு கஷ்டமான கேள்வியானாலும், பாக்கலாம் என்று சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
வீட்டில் உன் நாத்தனார், ஷெட்டில் உன் நந்தினி,
தினமும் ஸ்கூல் வாசலில் நிற்கப்போகிற யாழினியின் அத்தை.